ஊதுபத்திக் கலத்தை யார் தூக்குவது: சிங்கப்பூரில் ஒரு தாவோ இறுதிச்சடங்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் சீனர்களின் இறுதிச்சடங்குகளை நடத்திக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். தமிழனுக்கு இந்தத் தொழிலில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியை ஓரளவு பேசுவேன். படிவங்களை நிரப்புவேன். கோபத்தில் இருக்கும் உறவினர்களுக்கு நடுவே உட்காருவேன். மூன்றாவதுதான் பெரும்பகுதி. கீழே உள்ளது கொவிட் கட்டுப்பாடுகள் நீங்கிச் சில ஆண்டுகள் கழித்து நடந்த ஒரு நிகழ்வு. குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் 30 விழுக்காட்டினர் தங்களைத் தாவோ சமயத்தினர் என்று சொல்லிக்கொண்டார்கள். 2020இல் அது 8.8 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் எந்தச் சமயமும் இல்லை என்றவர்கள் 20 விழுக்காடு. எண்களை மட்டும் பார்த்தால் தாவோ சடங்குத் தொழில் படுத்துவிட்டது என்று தோன்றும். நடைமுறை அப்படி இல்லை. பிள்ளைகள் கணக்கெடுப்பில் என்ன எழுதினாலும், சடங்கு இறந்தவருக்கு உரியது. இறக்கிறவர்கள் இன்னமும் 1980ஆம் ஆண்டின் ஆட்கள். சடங்கு ஒரு தலைமுறைக்கும், அதை ஏற்பாடு செய்யும் பொறுப்பு இன்னொரு தலைமுறைக்கும் உரியதாகிவிட்டதுதான் இன்று எங்கள் தொழிலின் அடிப்படைச் சிக்கல்.

இந்தக் குடும்பத்திலும் அதுதான். இறந்தவர் 84 வயது ஹொக்கியன் மூதாட்டி. கிழக்கு வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூத்த மகளுடன் வாழ்ந்தார். கணவர் 1990களில் இறந்து சுவா சூ காங்கில் புதைக்கப்பட்டவர். அங்கே ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுதான் தவணை என்று 1998இல் விதி வந்தது. பிறகு அவருடைய எலும்புகளும் தோண்டி எடுக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, அஸ்தி மாடம் ஒன்றில் வைக்கப்பட்டன. பக்கத்து மாடத்தை அப்போதே மனைவிக்காக வாங்கி வைத்திருந்தார்கள். ஆகவே அஸ்தியை எங்கே வைப்பது என்ற கேள்வி எழவே இல்லை. பல குடும்பங்களில் மிகப் பெரிய சண்டை அதுதான்.

பிள்ளைகள் நால்வர். மூத்தவர் மகன், இருபது வயதில் கிறிஸ்தவரானவர். அடுத்து, தாயைப் பார்த்துக்கொண்ட மூத்த மகள். அதற்கடுத்த இளைய மகள் வெளிநாட்டில் ஆசிரியை, சமயம் எதுவும் இல்லாதவர். கடைசி மகன் டாக்சி ஓட்டுநர், வீட்டில் சாமிக்கு ஊதுபத்தி வைக்கும் ஒரே பிள்ளை. இந்த நால்வருக்கும் மேலே, இறந்தவரின் தங்கை. எழுபதுகளில் இருப்பவர். பிள்ளைகளுக்குச் சித்தி. இந்தப் பதிவில் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன்.

முதல் இரவு

மரணம் மருத்துவமனையில், மாலை நேரத்தில். முன்பென்றால் சான்றிதழோடு பதிவு அலுவலகத்துக்கு ஒருவர் ஓட வேண்டும். 2022 மே 29 முதல் மருத்துவர் சான்றளித்ததும் மரணம் தானாகவே பதிவாகிவிடுகிறது. மின்னிலக்கச் சான்றிதழ் வந்துவிடுகிறது. மிச்சப்பட்ட அந்த நேரத்தைக் குடும்பங்கள் வாக்குவாதத்துக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. இது குறையாகச் சொல்வதல்ல. அந்த வாக்குவாதம் அன்றிரவே நடப்பது நல்லது.

முதல் கேள்வி எத்தனை நாள் என்பது. இரட்டைப்படை கூடாது. 3, 5, 7 என்றுதான் வைப்பார்கள். மூத்தவர் மூன்று நாள் போதும் என்றார். சித்தி ஏழு என்றார். இளைய மகளின் விமானம் மறுநாள் இரவுதான் தரையிறங்கும் என்பதால் ஐந்து என்று முடிவானது. நான்காம் இரவு கோங் தெக் எனப்படும் புண்ணியச் சடங்கு, ஐந்தாம் நாள் காலை மண்டாய் தகனச்சாலை.

இரண்டாவது விஷயத்தை யாரும் கேள்வியாக எழுப்பவில்லை. ஆனால் பிறகு நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான். செலவை யார் ஏற்பது? பழைய வழக்கத்தில் மகன்கள் கொடுப்பார்கள். திருமணமான மகள்கள் போர்வையோ காகிதப் பொருள்களோ வாங்கித் தருவார்கள். இங்கே மூத்த மகள் ஒரு தாளை எடுத்துத் தொகையை நான்காக வகுத்தார். யாரும் மறுக்கவில்லை. மகள்களுக்குச் சடங்கில் பேச்சுரிமை உண்டா என்ற விவாதம் எந்தக் கோயிலிலும் நடந்து நான் பார்த்ததில்லை. பில்லைப் பங்கிடும்போது அது தானாகவே வந்துவிடுகிறது.

கூடாரத்தில் கண்டவை

மறுநாள் காலை புளோக்கின் கீழ்த்தளத்தில் துணித்திரைகள் கட்டினோம். வீட்டுச் சாமி மேடையைச் சிவப்புத் தாளால் மூடினோம். நகர மன்ற அனுமதி வாங்கியாகிவிட்டது. இரண்டாம் மாடி வீடுகளுக்கு நானே ஏறிப்போய், நான்காம் இரவு பறையும் ஊதுகுழலும் இருக்கும் என்று சொல்லி வந்தேன். ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இன்னொரு கதவைத் திறந்தவர் தமிழர். “எங்க தாத்தா காரியத்துக்கும் இதே இடந்தானே, நீங்க செய்யுங்கண்ணே” என்றார்.

வெள்ளை விளக்குகளில் குடும்பப் பெயரும் வயதும் எழுதியிருந்தன. கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒருத்தி என்னிடம் வந்து, “அச்சுப் பிழை. பாட்டிக்கு 84. இங்கே 87 என்று போட்டிருக்கிறீர்கள்” என்றாள். பிழை இல்லை. வானத்துக்கு ஒன்று, பூமிக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என மூன்றைக் கூட்டி எழுதுவது வழக்கம். அவளுக்கு அதைச் சொல்ல அந்தக் கூடாரத்தில் அதுவரை யாரும் இல்லை. சித்திக்குத் தெரியும். ஆனால் சித்தி பேசுவது ஹொக்கியன், பேத்திக்கு மாண்டரினும் ஆங்கிலமும்தான். சீன வட்டார மொழிகளை விட்டு மாண்டரினுக்கு மாறச் சொன்ன அரசின் மாண்டரின் பேசுங்கள் இயக்கம் 1979இல் தொடங்கியது. அதன் விளைவை மொழி ஆய்வாளர்களைவிட நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம். மூன்று மணி நேரம் சவப்பெட்டியின் முன் மண்டியிடும் பிள்ளைகளுக்குத் தங்கள் தலைக்கு மேல் என்ன பாடப்படுகிறது என்று தெரிவதில்லை.

சடங்கு நடத்த வந்த சாய்கோங், அதாவது தாவோ பூசாரி, நாற்பதுகளில் இருப்பவர். தகப்பனாரிடமும் பாட்டனாரிடமும் கற்றவர். தாத்தா கைப்பட எழுதிய ஏடுகளைப் படமெடுத்து ஐபேடில் வைத்திருக்கிறார். ஏட்டையும் பெட்டியில் கொண்டுவருவார், ஆனால் திறப்பதில்லை. குழுவில் வாத்தியக்காரர்கள் இருவர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வந்தார்கள்.

சித்தியின் பிடிவாதத்துக்குக் காரணம் இரண்டாம் இரவு தெரிந்தது. அவருடைய கணவர் 2020இல், ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு முடங்கியிருந்த காலத்தில் இறந்தார். துக்க வீட்டில் ஒரு நேரத்தில் பத்துப் பேர்தான் இருக்கலாம் என்று விதி. கோங் தெக் இல்லாமல், அவசரமாக எரித்துவிட்டார்கள். மூத்த மகள் இதைச் சொன்ன பிறகு, “ஏழு நாள்” என்று சித்தி முதல் இரவு கேட்டது அக்காவுக்காக மட்டுமல்ல என்று புரிந்தது. அந்த ஆண்டு பல குடும்பங்கள் சுருக்கமான சடங்குக்குப் பழகிக்கொண்டன என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அது பாதி உண்மை. சிலருக்கு அந்தக் குறை உள்ளேயே கிடக்கிறது. அடுத்த மரணத்தில் வெளியே வருகிறது.

முதல் முடிவு: ஊதுபத்திக் கலம்

சவப்பெட்டி புறப்படும்போது ஊதுபத்திக் கலத்தை ஏந்திச் செல்வது மூத்த மகனின் கடமை. நம் வீடுகளில் கொள்ளி வைப்பதற்கு என்ன எடையோ, அதே எடை இதற்கு. மூத்தவர் ஊதுபத்தியைத் தொடமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நாங்கள் வழக்கமாகச் சொல்லும் மாற்று வழி இளைய மகன். அவரும் தயார்தான். ஆனால் மூத்த மகள், “பதினோரு வருஷம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தது நான். இதையும் நான் தூக்குகிறேன்” என்றார். சித்தி, மகன் இருக்கும்போது மகள் தூக்கினால் அக்காவுக்கு அங்கே வழி விடமாட்டார்கள் என்றார்.

இந்த இடத்தில் ஒருங்கிணைப்பாளர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. “இப்போதெல்லாம் பல குடும்பங்களில் மகள்களே தூக்குகிறார்கள்” என்று நான் சொல்லியிருக்கலாம். உண்மையும்கூட. ஆனால் பல குடும்பங்கள் செய்வதால் சித்திக்கு என்ன? சாய்கோங்கை மூன்றாம் நாள் மாலையே வரச்சொன்னேன். அது அவருடைய வேலை நாள் அல்ல. வந்தவர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். பிறகு, “என்னை ஏன் கேட்கிறீர்கள், அவரையே கேட்போம்” என்றார்.

இறந்தவரின் படத்தின் முன் ஒரு தட்டு வைத்தார். இரண்டு நாணயங்கள். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தால் இல்லை. இளைய மகன் மண்டியிட்டு, அக்கா தூக்கலாமா என்று ஹொக்கியனில் சத்தமாகக் கேட்டுப் போட்டார். இரண்டும் பூ. சித்தி எதுவும் சொல்லாமல் நிமிர்ந்து பார்த்தார். சாய்கோங் பதறவில்லை. “கேள்வி தெளிவாக இல்லை” என்றார். மகன் தூக்காததற்குக் கோபமா, மகள் தூக்குவதற்குக் கோபமா என்று பிரித்துக் கேட்கச் சொன்னார். அண்ணன் சார்பில் இளைய மகன் மன்னிப்புக் கேட்டார். பிறகு மறுபடியும் போட்டார். ஒரு தலை, ஒரு பூ. இன்னொரு முறை உறுதிக்காக. அதே.

பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள விஷயம்தானே என்று படித்தவர்கள் சொல்லலாம். பேத்தியும் அதைத்தான் என் காதில் சொன்னாள். ஆனால் வேறு எந்த வழியில் முடிவெடுத்திருந்தாலும் அந்த மேசையில் ஒருவர் தோற்றிருப்பார். சித்தி தன் அக்காவுக்குத்தான் விட்டுக்கொடுத்தார், அக்கா மகளுக்கு அல்ல.

மூத்தவரையும் சாய்கோங் தனியே அழைத்துப் பேசினார். தெய்வப் படங்களின் முன் மண்டியிட வேண்டாம். சவப்பெட்டியைப் பார்த்து, தாயின் முன் மண்டியிடலாமா? அது முடியும் என்றார் மூத்தவர். ஊதுபத்திக்குப் பதில் ஒரு பூ. அடுத்து, தெய்வங்களுக்கு அனுப்பும் விண்ணப்பத் தாளில் வாரிசுகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்படும். அதில் உங்கள் பெயர் வேண்டுமா? நான் வேண்டாம் என்ற பதிலை எதிர்பார்த்தேன். மூத்தவர், “முதல் பெயராக எழுதுங்கள்” என்றார்.

இரண்டாவது முடிவு: இரத்தக் குளம்

இது அவ்வளவு எளிதாக முடியவில்லை.

பிள்ளை பெற்ற பெண் இறந்தால் செய்யும் ஒரு பகுதி கோங் தெக்கில் உண்டு. பிரசவத்தில் சிந்திய இரத்தம் பூமியையும் நீரையும் தீட்டாக்கியது. அதற்காக அவள் பாதாளத்தில் இரத்தக் குளத்தில் கிடக்கிறாள். பிள்ளைகள் அந்தக் குளத்தைக் குடித்து வற்றவைத்து அவளை மீட்க வேண்டும். நம்பிக்கை இதுதான். சீனாவில் சுங் மரபுக் காலத்திலிருந்தே இதற்கான நூல் வழங்கிவருகிறது. கூடாரத்தில் நடப்பது: பிள்ளைகள் மண்டியிட்டுச் சுற்றி அமர்கிறார்கள், சாய்கோங் கருவுற்ற பத்து மாதங்களையும் பால் கொடுத்த நாட்களையும் மாதம் மாதமாகப் பாடுகிறார், கடைசியில் ஒவ்வொருவரும் சிவப்புத் திரவம் கொண்ட ஒரு சின்னக் கிண்ணத்தைக் குடிக்கிறார்கள்.

சடங்கு நிரலில் இதைப் பார்த்ததும் இளைய மகள், “நான்கு பிள்ளை பெற்றது அம்மா செய்த குற்றமா? என் பங்குப் பணத்தில் இது வேண்டாம்” என்றார். சித்தியின் பதில் ஒரே வரி. “இதைச் செய்யாவிட்டால் அவள் அங்கேயே கிடப்பாள்.” இருவரும் அழுதார்கள். இருவர் சொன்னதிலும் தாயின் மேல் இருந்த அன்பைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. அதனால்தான் சமாதானம் கடினமாக இருந்தது.

முழுவதுமாக நீக்கிவிடலாம் என்பது எங்கள் அலுவலகத்தின் யோசனை. சில குடும்பங்களுக்கு அப்படிச் செய்ததும் உண்டு. சாய்கோங் ஒப்பவில்லை. பத்து மாதப் பாட்டுத்தான் இதன் உடம்பு, அதை ஒருமுறையாவது புரிந்து கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும் என்றார். இறுதியில் எடுத்த முடிவு: பாட்டு முழுமையாக நடக்கும். ஒவ்வொரு மாதத்துக்குப் பிறகும் மாண்டரினில் இரண்டு வரி விளக்கம். குளம், தண்டனை பற்றிய பகுதிகள் ஏட்டில் உள்ளபடி ஹொக்கியனில் போகும், விளக்கம் இல்லை. கிண்ணத்தைக் குடிப்பது அவரவர் விருப்பம். நேர்மையான ஏற்பாடு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒருவருக்குப் புரிய வேண்டியது புரியவும், இன்னொருவருக்குப் புரிய வேண்டாதது புரியாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு.

நான்காம் இரவு

கைக்குழந்தை வீட்டை மனத்தில் வைத்து, உரத்த பகுதிகளை ஏழு மணிக்கே தொடங்கினோம். ஒலிபெருக்கி இல்லை. பாதாளத்தின் பத்து அரசர்களின் படங்கள் இருபுறமும் தொங்கின. மன்னிப்பு ஆணையைக் கொண்டுசெல்லும் காகிதக் குதிரைக்காரன் வாசலில் நின்றான். விண்ணப்பத் தாளைப் படிக்கும்போது முதல் பெயராக மூத்தவரின் சீனப் பெயர் ஒலித்தது. கையில் பூவோடு அவர் மண்டியிட்டிருந்தார். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பத்து மாதப் பாட்டில், மாண்டரின் விளக்கம் வரத் தொடங்கியதும் பேரப்பிள்ளைகள் கைபேசியை வைத்துவிட்டார்கள். கிண்ணங்கள் வந்தன. மூத்தவர் எடுத்துக் குடித்தார். இதை நானோ சாய்கோங்கோ அவரிடம் கேட்கக்கூட இல்லை. மூத்த மகள் குடித்தார். இளைய மகள் கடைசிவரை மண்டியிட்டிருந்தார், கிண்ணத்தைத் தொடவில்லை. அவருடையதையும் கடைசித் தம்பி எடுத்துக் குடித்துவிட்டார். சித்தி அதைப் பார்த்தார். இரவுக் கஞ்சியின்போது சித்திக்கும் இளைய மகளுக்கும் வார்த்தை தடித்தது. மறுநாள் காலை இருவரும் வெவ்வேறு பேருந்தில் மண்டாய்க்கு வந்தார்கள்.

காகித வீட்டைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். சித்தி கேட்டது மூன்று மாடி. மூத்த மகள் வாங்கியது ஒற்றை மாடி, பணியாள் பொம்மைகள் இரண்டு. கூட ஒரு காகிதப் பத்திரம், வீடு யார் பெயரில் என்று. பக்கத்துத் திடலில் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் கொளுத்தியபோது, அலையும் ஆவிகள் பறித்துக்கொள்ளாமல் இருக்கக் குடும்பம் கைகோத்துச் சுற்றி நின்றது. இளைய மகளும் நின்றார். சாம்பல் மேலே பறந்தது, ஆனால் மறுநாள் புகார் எதுவும் வரவில்லை.

பின் நடந்தவை

ஐந்தாம் நாள் மூத்த மகள் கலத்தைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். மறுநாள் எலும்புகளைப் பாதத்திலிருந்து தொடங்கி, மண்டையோடு மேலே வரும்படி கலயத்தில் எடுத்து வைத்துக் கணவரின் பக்கத்து மாடத்தில் சேர்த்தார்கள். தாய்க்காக வலக்கையில் குத்தியிருந்த துக்கத் துணித்துண்டை மற்றவர்கள் தகனத்தன்றே கழற்றினார்கள். மூத்த மகள் 49ஆம் நாள்வரை வைத்திருந்தார். 49ஆம் நாள் கோயில் பூசைக்கு மூத்தவர் வந்து பின்னால் நின்றார். இளைய மகள் காணொளியில் இருந்தார்.

சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில், ஆவிகளுக்கான பூசை நடக்கும் கோயில் ஒன்றில் சித்தி இரண்டு பெயர்களைப் பதிந்தார் என்று மூத்த மகள் பிறகு சொன்னார். ஒன்று அவருடைய கணவர். இன்னொன்று அக்கா, இரத்தக் குளத்திலிருந்து மீட்பதற்காக, மறுபடியும். ஒரு கிண்ணம் தவறியது அவருக்குக் கணக்கில் நின்றிருக்கிறது. அந்தச் செலவை அவர் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த முறை எதை மாற்றுவோம்

சாய்கோங்கைக் குடும்பம் முதன்முதலில் பார்ப்பது பொதுவாக கோங் தெக் இரவில்தான். அதற்குள் நிறுவனத்தின் கையேட்டைக் காட்டி எல்லாம் முடிவாகியிருக்கும். இந்த நிகழ்வுக்குப் பிறகு, குடும்பத்தில் இரண்டு சமயங்கள் இருந்தால் அவரை இரண்டாம் நாளே வரவழைக்கிறோம், அதற்குத் தனி ஊதியம் தருகிறோம். என் அனுபவத்தில், இந்தச் சடங்கில் நிலைத்த மாற்றங்கள் எல்லாம் சடங்குக்கு உள்ளே இடம் கண்டுபிடிக்கப்பட்டவை. நாங்களோ பிள்ளைகளோ வெளியிலிருந்து வெட்டியவை வேறு யாருடைய செலவிலோ திரும்பி வருகின்றன. இடம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஏட்டை மனப்பாடம் செய்தவர்தான்.

விண்ணப்பத் தாளில் பெயர் வேண்டுமா என்ற கேள்வியை இப்போது முதல் இரவிலேயே, ஊதுபத்தி பற்றிக் கேட்பதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்கிறோம். ஒதுங்கிப்போவார் என்று நினைத்தவர் உள்ளே இருக்க விரும்புவது அப்போதே தெரிந்துவிடுகிறது. அண்மை மரணங்களில் குறை வைத்த உறவினர் யாராவது உண்டா என்றும் கேட்கிறோம், குறிப்பாக 2020, 2021 பற்றி.

இரத்தக் குளத்தை நிரலில் அச்சடித்துக் கொடுப்பதை நிறுத்தியிருக்கிறோம். மகள்களையும் மருமகள்களையும் மூத்த பெண்களையும் முன்கூட்டியே உட்காரவைத்து, என்ன பாடப்படுகிறது என்பதை விளக்கம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறோம். சில குடும்பங்கள் வேண்டும் என்கின்றன, சில வேண்டாம் என்கின்றன. தண்டனைப் பகுதி இல்லாத ஒரு வடிவத்தை எழுதித் தரும்படி சாய்கோங்கிடம் கேட்டிருக்கிறேன். தாத்தா ஏட்டில் கைவைக்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.